பாயோடு ஒட்டிப்போடும் புத்தகங்கள்: கடினமான மாய நாவல்களை வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டிப்போடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. எங்களுக்கு அப்படியொரு மந்திரம் தெரிந்திருந்தால் முதலில் பிள்ளைகளை ரியூசன் வாங்கிலோடு ஒட்டியிருப்போம். ஆனால் ஒரு ஆளை இரண்டு மூன்று கிழமைக்குப் பாயோடு ஒட்டிவைக்கிற சாமான் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அது சில நாவல்கள். மெதுவான, கனமான, தனக்கென்று ஒரு உலகத்தையே கட்டிவைத்துக்கொண்டு, முதல் ஐம்பது பக்கத்துக்குத் தலையும் விளங்காமல் வாலும் விளங்காமல் அலைக்கழிக்கிற மாய நாவல்கள். ஆங்கிலத்தில் லிட்டரரி ஃபேன்டசி என்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் வாள்சண்டை வருகிற வகையையும் நான் வாசிப்பேன், ஆனால் இங்கே பேச்சு அதைப் பற்றி இல்லை.

“வாசிக்க ஆசை, எடுத்தால் ஓடவில்லை, என்ன செய்ய?” என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் விமர்சகர் இல்லை, வாத்தியாரும் இல்லை. களுவாஞ்சிகுடியில் இருந்து தினமும் பஸ்ஸில் டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிற ஆள்.

முதலில் ஒரு பழக்கத்தைக் கழற்றிவைக்க வேண்டும். சின்ன வயதில் அம்மம்மா கதை சொல்லும்போது நாங்கள் கேட்கிற ஒரே கேள்வி “மறுகா?” என்பதுதான், பிறகு என்ன நடந்தது என்று அர்த்தம். பேய் கிணற்றடியில் நின்றது, மறுகா? அவன் வாளியை எடுத்தான், மறுகா? இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பாதி உலகத்துக் கதைகளை வாசித்து முடித்துவிடலாம், துப்பறியும் நாவலுக்கு அதைவிட நல்ல சாவி கிடையாது. ஆனால் நான் சொல்கிற நாவல்களிடம் போய் “மறுகா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அவை வாயைத் திறக்காது. அம்மம்மாவே சில நேரம் எரிச்சல்படுவா, “பொறு மனே, பேய் எப்பிடி நிண்டது எண்டு முதல்ல சொல்ல வேணாமா?” என்று. அவவுக்குத் தெரிந்திருந்தது. பேய் நின்ற விதத்தில்தான் கதை இருக்கிறது.

எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, போனும் ரீல்ஸும் வந்து கெடுத்துவிட்டது என்கிறவர்களிடம் நான் கூத்தைப் பற்றிக் கேட்பேன். வடமோடிக் கூத்தில் கட்டியகாரன் வந்து ராசா வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போவான். உடனே ராசா வந்து விஷயத்தைச் சொல்லுவாரா? வரவு, அதாவது களரிக்குள் வருகிற ஆட்டம், ஆட வேண்டும். வட்டக்களரியைச் சுற்றிச் சுற்றி, மத்தளம் தாளம் மாற்ற மாற்ற, உடுப்பு விரிந்து சுழல, பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பவும் பாட, கதை ஒரு அங்குலமும் நகராது. ராசாவுக்குப் பிறகு மந்திரி வருவார், அவருக்கும் வரவு. ஆனாலும் சனம் எழும்பிப் போவதில்லை, சரி, கச்சான் வாங்கப் போவார்கள், திரும்பி வந்து குந்துவார்கள். விடிய விடிய இருந்து பார்த்த சனத்துக்கு மெதுவான நாவல் வாசிக்க வராது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதில் தொடங்குவது என்பதுதான் பெரிய விஷயம், அதில்தான் பலர் கவிழ்கிறார்கள். பெயர் கேள்விப்பட்ட, தலையணை மொத்தத்தில் இருக்கிற புத்தகத்தைத் தூக்கி, நாற்பதாம் பக்கத்தில் வைத்துவிட்டு, “இது எனக்கு வராது” என்று முடிவெடுத்துவிடுவார்கள். நான் சிபாரிசு செய்கிற முதல் புத்தகம் சுசானா கிளார்க் எழுதிய பிரனேசி. 2020இல் வந்தது, அடுத்த ஆண்டு பெண்களுக்கான விமன்ஸ் பிரைஸ் என்கிற பிரித்தானிய நாவல் பரிசையும் எடுத்தது. முந்நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கிலமும் அவ்வளவு முறுக்கில்லை, ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு ஆங்கிலம் இருந்தால் தாராளமாகப் போகும்.

அதில் ஒரு மனிதன் ஒரு வீட்டில் இருக்கிறான். வீடு என்றால் முடிவில்லாத மண்டபங்கள், மண்டபம் நிறையச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் முகில். வற்றுப்பெருக்கு எந்த மண்டபத்துக்கு எப்போது வரும் என்று கணக்குப்பார்த்துக் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்கிறான், அங்கே கிடக்கிற எலும்புக்கூடுகளுக்குப் பூவும் சாப்பாடும் கொண்டுபோய் வைக்கிறான். யார் இவன், இது எந்த இடம், ஒன்றும் சொல்லமாட்டார்கள். திகதி போடுவதைப் பாருங்கள், ஆண்டுக்கு இலக்கம் இல்லை, அல்பட்ராஸ் பறவை தென்மேற்கு மண்டபங்களுக்கு வந்த ஆண்டு என்று போடுகிறான்.

முதலில் இது எனக்குக் கோமாளித்தனமாக இருந்தது. பிறகு ஒருநாள் பஸ்ஸில் இருந்தபோது அம்மம்மா நினைவு வந்தது. அவவுக்கும் ஆண்டு இலக்கம் கிடையாது. மாமாவுக்கு எத்தனை வயது என்று கேட்டால் “சூறாவளி வந்த வருசம் அவன் கைக்குழந்தை” என்பா. 1978 கார்த்திகையில் அடித்த அந்தச் சூறாவளி எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு ஒரு கலண்டர், பிறகு வந்தவர்களுக்குச் சுனாமி ஒரு கலண்டர். அந்த ஆண்டுப் பெயரைத் திரும்பப் போய் வாசித்தேன், நெஞ்சில் ஏதோ இடித்தது. ஒரு பறவை வந்ததை ஆண்டுக்குப் பெயராக வைக்கிற அளவுக்கு எவ்வளவு தனியாக இருந்திருப்பான் அவன்? புத்தகம் இதை எந்த இடத்திலும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் எனக்கு அம்மம்மா நினைவு வந்திருக்காது.

ஆங்கிலம் கஷ்டம், தமிழில் வேண்டும் என்றால் இத்தாலோ கால்வினோவின் புலப்படாத நகரங்கள் தமிழில் வந்திருக்கிறது. 1972இல் எழுதியது, மார்கோ போலோ குப்லாய்கானுக்கு ஐம்பத்தைந்து நகரங்களைப் பற்றிச் சொல்கிறார், ஒவ்வொன்றும் ஓரிரண்டு பக்கம். கதை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு வசதி, ஆரையம்பதியில் ஒரு நகரத்தைத் தொடங்கிக் காத்தான்குடி தாண்டுவதற்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு இருக்கலாம். அதுவும் வாசிப்பில் சேர்த்திதான்.

அடுத்து, நேரமும் இடமும். இதற்கு ஒரு பந்திக்கு மேல் தேவையில்லை. ஒரு நாளைக்கு இருபது பக்கம், ஒரே நேரத்தில், போன் வேறு அறையில். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது, இந்த நாவல்களுக்கு வெளிச்சம் குறைந்த நேரம் ஒத்துவரும். கரண்ட் போனால் டோர்ச் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள், நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அந்த முதல் ஐம்பது பக்கம். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மெர்வின் பீக் என்கிற ஆங்கிலேயர் எழுதிய கோர்மென்காஸ்ட் நாவல்கள் இந்த வகைக்கெல்லாம் மூத்தவை. முதல் நாவலான டைட்டஸ் க்ரோன் 1946இல் வந்தது. அது ஒரு பிரமாண்டமான கோட்டையின் கதை. கதாநாயகன் அந்தக் கோட்டையின் எழுபத்தேழாவது பிரபு, பெயர் டைட்டஸ். அவன் பிறக்கிற நாளில் புத்தகம் தொடங்கும், ஐந்நூறு பக்கம் போய் முடியும்போது பெடியனுக்கு வயது ஒன்று சொச்சம். ஓம், உண்மையாகத்தான். தொட்டிலில் கிடக்கிற கதாநாயகனை வைத்துக்கொண்டு “மறுகா?” கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தொடக்கத்தில் என்ன நடக்கிறது? கோட்டைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மண்வீடுகள். அதில் இருக்கிற சனம் மரத்தில் சிற்பம் செதுக்குகிறது, ஆண்டு முழுக்க அதுதான் அவர்களின் மூச்சு, பொறாமை, சண்டை எல்லாம். ஆண்டுக்கொரு நாள் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பார்கள். மூன்றை மட்டும் எடுப்பார்கள். மிச்சத்தை எரித்துவிடுவார்கள். சரி, எடுத்த மூன்றையும் என்ன செய்கிறார்கள்? கோட்டையின் உச்சியில் ஒரு நீண்ட மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அங்கே யாரும் போவதில்லை. ரொட்கொட் என்று ஒரு காவலாள் மட்டும் இருக்கிறான், தினமும் சிலைகளில் தூசு தட்டுவான், மற்ற நேரம் ஏணையில் படுத்துக்கிடப்பான். நிலத்துத் தூசை யாரும் கூட்டுவதில்லை, அது கனமாகப் படிந்து கிடக்கிறது.

நான் முதல்தரம் வாசித்தபோது இந்தப் பக்கங்களைக் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போனேன். கதை எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நூறு பக்கத்தில் களைத்துப் புத்தகத்தை அலுமாரியில் போட்டேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தபோதுதான் விளங்கியது, கதை முதல் பக்கத்திலேயே தொடங்கிவிட்டது, நான்தான் வாசலில் நின்றுகொண்டு இன்னும் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சனம் உயிரைக் கொடுத்துச் செதுக்கியதை யாரும் பார்க்காத அறையில் வைத்துத் தூசு தட்டுகிறார்கள், ஏன் என்று கேட்டால் முந்தியில் இருந்து அப்படித்தான். அந்தக் கோட்டை எதனால் நிற்கிறது, எதனால் விழும், இரண்டுக்கும் பதில் அந்தத் தூசில் கிடக்கிறது. எங்கள் ஊர்க்கோயில் சடங்கில் ஏதாவது ஒன்றைக் காட்டி ஏன் இப்படி என்று கேட்டு, அதே “முந்தியில் இருந்து அப்படித்தான்” என்ற பதிலை வாங்கியவர்களுக்கு அந்தக் கோட்டை அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆகவே முதல் ஐம்பது பக்கத்துக்கு என் முறை இதுதான்: விளங்காததை விளங்காமலே விடுங்கள். விளங்குகிற மாதிரி நடிக்கவும் வேண்டாம், இணையத்தில் கதைச் சுருக்கம் தேடவும் வேண்டாம், தேடினால் புத்தகம் செத்துவிடும். ஒவ்வொரு நாளும் மூடும்போது உங்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள், இன்றைக்கு எங்கே இருந்தேன், அங்கே என்ன கிடந்தது, என்ன மணம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது. சொல்ல முடிந்தால் வாசிப்பு சரியாகப் போகிறது. பீக் அடிப்படையில் ஒரு ஓவியர், அவருடைய வசனத்தை அப்படிப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். வருணனையைத் தாண்டிக் குதித்தால் கூத்தில் வரவு ஆட்டத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் கேட்ட மாதிரி.

வாய்விட்டு வாசிப்பதும் உதவும். நீளமான வசனம் வந்து கால் தடக்கினால் சத்தமாக வாசியுங்கள், மூச்சு எங்கே விடுவது என்று வசனமே காட்டித்தரும். வீட்டில் பார்ப்பார்கள்தான், பார்த்தால் பார்க்கட்டும்.

அகராதி பற்றி. ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள் வரிக்கு வரி போனில் சொல் தேடினால் இரண்டாம் நாளே வெறுத்துவிடும். பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், போய்க்கொண்டே இருங்கள். அதே சொல் மூன்றாம் தரம் வந்தால் மட்டும் தேடுங்கள். பாதிச் சொல் அதற்கு முன்னமே தானாக விளங்கிவிடும்.

கொப்பி ஒன்று கட்டாயம். எண்பது பக்கக் கொப்பி போதும். முன்பக்கம் ஆட்களின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடையாளம், “நொண்டி, பழைய புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்” என்கிற மாதிரி. பின்பக்கம் இடங்களின் படம், கையால் கீறியது, பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. இதன் அருமை எனக்குத் தெரிந்தது ஜெயமோகனின் விஷ்ணுபுரத்தில். தமிழில் இந்த வகைக்கு அதைவிடப் பெரிய மலை ஒன்றை நான் ஏறியதில்லை. 1997இல் வந்தது. சோனா என்று சிவந்த நீர் ஓடும் ஆறு, கரையில் ஒரு கோயில் நகரம், உள்ளே படுத்திருக்கிற பென்னம்பெரிய விஷ்ணு சிலை, யுகத்துக்கு ஒருதரம் அவர் புரண்டு படுப்பார் என்று நம்பிக்கை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதி.

நான் இரண்டாம் பகுதியில் இரண்டு தரம் விழுந்தேன். அது முழுக்கத் தர்க்கம், ஞானசபையில் பண்டிதர்கள் பௌத்தம், வேதாந்தம் என்று விவாதம் செய்துகொண்டே இருப்பார்கள். மூன்றாம் தரம் போனபோது கொப்பியில் பழைய பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன், சட்டென்று பிடிபட்டது. முதல் பகுதியில் ஐதீகமாக, சனம் கும்பிடுகிற பெரிய பெயர்களாக வந்தவர்கள், காலத்தால் முந்தி நடக்கிற இந்த இரண்டாம் பகுதியில் சாதாரண மனிதர்களாக, சந்தேகத்தோடும் பயத்தோடும் நடமாடுகிறார்கள். மனிதர் எப்படித் தெய்வமாகிறார் என்பதை ஒருவர் கட்டுரையாகச் சொன்னால் நான் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். இங்கே நானே முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு ஆளைச் சந்தித்தேன். நானூறு ஐந்நூறு பக்கம் உழைத்தவனுக்குத்தான் அது கிடைக்கும், குறுக்குவழி கிடையாது. கொப்பி இல்லாவிட்டால் எனக்கும் தவறிப்போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய மொழிபெயர்ப்பு நாவலில் நடுவில் பதினாறு பக்கம் வெள்ளையாக இருந்தது. இந்த வகை நாவல்தானே, எழுத்தாளர் ஏதோ உத்தி செய்கிறார், மௌனத்தைக் காட்டுகிறார் என்று இரண்டு நாள் பெரிய யோசனை. கடைசியில் பார்த்தால் அச்சகத்தின் உத்தி. ஆகவே வாங்கும்போது பக்கங்களை ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

பாதியில் விடலாமா? விடலாம். ஆனால் இரண்டு விதமாக விடலாம். “விளங்கவில்லை” என்று விடுவது ஒன்று, அப்படி விட்டதை ஒரு வருடம் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப எடுங்கள், என் கோர்மென்காஸ்ட் மாதிரி. “எல்லாம் விளங்குகிறது, ஆனால் ஒன்றும் இல்லை” என்று விடுவது மற்றது, அதைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கடினமாக எழுதினால் ஆழம் என்று நினைத்துச் சும்மா சுற்றிச் சுற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக உங்கள் நித்திரையைக் கெடுக்கவேண்டாம். வித்தியாசம் எப்படித் தெரியும்? நல்ல நாவலில் விளங்காத பக்கத்திலும் ஒரு பொருள், ஒரு சத்தம், ஒரு ஆளின் நடை கண்ணில் நிற்கும். போலியில் ஒன்றும் நிற்காது, புகை மட்டும்.

கடைசியாக, துணை. தனியாக வாசிப்பதைவிட இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பது பெரிய உதவி, கூட்டம் போடத் தேவையில்லை, ஒரே ஒரு ஆள் போதும். என் வேலையிடத்தில் அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் இருக்கிறார், அண்ணன் முறையில் நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மந்திரக் கதை என்றாலே ஒவ்வாது. ஒருமாதிரி வற்புறுத்தி ஊர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ முதல் புத்தகத்தைக் கொடுத்தேன், மெல்லிய புத்தகம், தெளிவான ஆங்கிலம். தீவுக்கூட்டங்களாலான உலகம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஊரறிய ஒரு பெயர், உண்மைப் பெயர் வேறு. உண்மைப் பெயர் தெரிந்தவன் உன்னை ஆளலாம், அதனால் யாரும் அதை வெளியே விடமாட்டார்கள். இன்னொரு விஷயம், அந்தக் கதாநாயகன் வெள்ளைக்காரன் இல்லை, செம்மண் நிறத்துப் பெடியன், லெ குவின் அதைத் தெரிந்தே செய்தார். அட்டைப்படம் போட்டவர்கள் அவனைத் திரும்பத் திரும்ப வெள்ளையாக்கினார்கள், அதில் அவருக்குப் பெரிய கோபம்.

காக்கா ஒரு கிழமை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, “தம்பி, அந்தக் கூட்டாளிப் பொடியன் தன்ட உண்மைப் பேரச் சொல்லிக் குடுக்கிற இடம் வாசிச்சீங்களா?” என்றார். வாசித்தேன் என்றேன். கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னை உம்மா கூப்பிட்ட வீட்டுப் பெயரைச் சொன்னார். உம்மா மௌத்தானதற்குப் பிறகு அந்தப் பெயரால் கூப்பிட ஆளில்லையாம். பதினொரு வருடம் பக்கத்து மேசையில் இருக்கிறோம், எனக்கு அது தெரியாது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

புத்தகம் எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். இந்தியப் பதிப்பின் விலையை எங்கள் காசுக்கு மாற்றினாலே மூன்று மடங்குக்கு மேல் வரும், கப்பல் கூலி வேறு. ஆகவே முதலில் பொது நூலகத்தில் அங்கத்துவம் எடுங்கள், அலுமாரியின் அடித்தட்டில் யாரும் தொடாத தடித்த புத்தகங்களைக் குனிந்து பாருங்கள், இந்த வகை அங்கேதான் கிடக்கும். கொழும்புக்குப் போகிறவர்களிடம் பட்டியல் கொடுத்துவிடுங்கள். இரவல் கேளுங்கள், ஆனால் கேட்டால் திருப்பிக் கொடுங்கள். என் கோர்மென்காஸ்ட் போன வருடம் வைகாசியில் கல்முனைக்குப் போனது, இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று தெரியும். போன கிழமை சந்தையில் கண்டபோது கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவரே, “அந்தத் தூசு மண்டபத்தில் நிற்கிறேன், அவசரப்படுத்தாதீங்க” என்றார். சரி, நிற்கட்டும்.